கல்கத்தாவிலும் பம்பாயிலும் அச்சான அயல்நாட்டுக் காசுகள்: சேகரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னைப் பாரிமுனையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. நடைபாதையில் விரித்த தார்ப்பாயின் மேல் பழைய காசுகள் குவிந்து கிடந்தன. நான் கையில் எடுத்த வெண்கலக் காசின் ஒரு பக்கம் தாவும் கங்காரு, மறுபக்கம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை, ஆண்டு 1943. ஆஸ்திரேலியப் பென்னி. லென்ஸை வைத்துப் பார்த்தபோது மன்னரின் கழுத்துக்குக் கீழே தனியாக ஒரு சின்னஞ்சிறு கோடு நின்றது. கீறல் என்றுதான் முதலில் நினைத்தேன். கோட்டின் தலையிலும் காலிலும் மெல்லிய குறுக்குக் கோடுகள் தெரிந்த பிறகே அது ஆங்கில ‘ஐ’ எழுத்து என்று புரிந்தது. இந்தியா என்ற பெயரின் முதல் எழுத்து அது. பம்பாயில் அச்சாகி, கடல் கடந்து ஆஸ்திரேலியாவில் புழங்கி, எவர் பெட்டியிலோ ஏறிச் சென்னைக்கு வந்து சேர்ந்த காசு.

அன்றிலிருந்து நான் காசுகளை நாடு வாரியாக அடுக்குவதை நிறுத்திவிட்டேன். எந்த நாணயசாலையில் அச்சானது என்பதே என் ஆல்பத்தின் வரிசை. ஒரு காசில் அச்சிட்டிருக்கும் நாட்டின் பெயர் அது எங்கே செலவானது என்பதைத்தான் சொல்லும். அது எங்கே பிறந்தது என்பதைச் சொல்ல ஓர் எழுத்தோ ஒரு புள்ளியோதான் இருக்கும். சில காசுகளில் அதுவும் இருக்காது. அந்தப் பிறப்பிடத்தைத் தேடிச் சேர்க்க விரும்புகிறவர்களுக்காக, நான் கற்றதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள்

ஒரு நாடு பிற நாடுகளுக்காக அச்சடித்த காசுகள் என்றால் அது பெருங்கடல். பர்மிங்ஹாமின் ஹீட்டன் ஆலை மட்டுமே ‘ஹெச்’ என்ற குறியோடு எத்தனையோ நாடுகளுக்குக் காசு அடித்துக் கொடுத்தது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நாணயசாலை ஆஸ்திரேலியாவுக்கும் ஃபிஜிக்கும் வெள்ளிக்காசுகளை அச்சடித்தது. எல்லாவற்றையும் துரத்தினால் எதுவும் முழுமை அடையாது. ஒரே ஒரு நாட்டின் நாணயசாலைகளைத் தேர்ந்தெடுத்து, அவை வெளியே அனுப்பியவற்றை மட்டும் சேருங்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கு இந்திய நாணயசாலைகளே பொருத்தமானவை. காசுகள் நம் ஊர்களிலேயே கிடைக்கும் என்பது ஒரு காரணம். அவற்றின் கதையில் நாமும் இருக்கிறோம் என்பது இன்னொன்று. இலங்கைக்கும் மலாயாவுக்கும் போய் வந்த குடும்பங்கள் நம் கடற்கரை மாவட்டங்களில் ஏராளம். அவர்கள் வீட்டு வெற்றிலைப் பெட்டிகளிலும் உண்டியல்களிலும் இந்தக் காசுகள் இன்னும் இருக்கின்றன.

சென்னையிலும் ஒரு நாணயசாலை இருந்தது. 1869-இல் அது மூடப்பட்டுவிட்டாலும், வடசென்னையின் தங்கசாலைத் தெரு இன்றும் அதன் பெயரைச் சுமந்து நிற்கிறது. அதன் பிறகு வெளிநாட்டு வேலை முழுக்கக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் போனது. இந்த வழிகாட்டி பெரும்பாலும் அந்த இரண்டைப் பற்றியதுதான்.

இரண்டாம் படி: சட்டைப் பையில் பயிற்சி

பணம் செலவழிக்கும் முன் கண்ணைப் பழக்க வேண்டும். அதற்கு வீட்டிலுள்ள பழைய ரூபாய் நாணயங்களே போதும், ஏனென்றால் இந்தியாவும் தன் காசுகளை வெளிநாடுகளில் அச்சடித்து வாங்கியிருக்கிறது.

ஆண்டுக்குக் கீழே பாருங்கள். அங்கே சாய்சதுரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. இதுதான் பொதுவான கணக்கு. இனி விலக்குகளைப் பாருங்கள். 1985-ஆம் ஆண்டு ஒரு ரூபாயில் ‘ஹெச்’ இருந்தால் அது பர்மிங்ஹாமில் அச்சானது. அதே ஆண்டில் சாய்சதுரம் நடுவில் இல்லாமல் ஆண்டின் முதல் இலக்கத்துக்கு நேர்கீழே இருந்தால், அது வேல்ஸ் நாட்டின் லான்ட்ரிசன்ட் நகரில் அச்சானது. நட்சத்திரத்துக்கும் இந்தக் கதை உண்டு. நடுவில் இருந்தால் ஹைதராபாத், ஓரத்து இலக்கத்தின் கீழே ஒதுங்கியிருந்தால் தென்கொரியாவின் தேகு. 1990-களின் இறுதி ஆண்டுகளில் வந்தவற்றில் வட்டத்துக்குள் ‘எம்’ இருந்தால் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா, ‘எம்’ எழுத்தோடு சிறிய ‘ஓ’ இருந்தால் மெக்சிகோ, ‘எம்கே’ இருந்தால் ஸ்லோவாக்கியாவின் கிரெம்னிட்சா. ரஷ்ய எழுத்துகள் கொண்ட ஐந்து ரூபாய் மாஸ்கோவைச் சேர்ந்தது.

ஒரு வார மாலைகளில் ஓர் உண்டியலைக் கொட்டி இப்படிப் பிரித்துப் பாருங்கள். குறி என்ன என்பதோடு அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் முக்கியம் என்ற பாடம் கைக்கு வந்துவிடும். இந்தப் பயிற்சி இல்லாமல் கண்காட்சிக்குப் போகாதீர்கள்.

மூன்றாம் படி: கருவிகள்

பத்து மடங்கு பெருக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்று, 0.01 கிராம் வரை காட்டும் எலக்ட்ரானிக் தராசு ஒன்று, வெர்னியர் காலிப்பர் ஒன்று, சிறிய காந்தம் ஒன்று. இவற்றுக்கு மேல் எதுவும் தேவையில்லை. உலக நாணயக் கேட்டலாகில் ஒவ்வொரு காசுக்கும் ‘கே.எம்.’ எனத் தொடங்கும் எண் உண்டு. விற்பவர்களும் வாங்குபவர்களும் அந்த எண்ணைச் சொல்லித்தான் பேசுவார்கள். நீங்கள் தேடும் காசின் எண், எடை, விட்டம் மூன்றையும் சிறு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: எவற்றைத் தேடுவது

மலாக்கா நீரிணைப் பகுதிக் காசுகளிலிருந்து தொடங்கலாம். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் அன்று இந்தியாவிலிருந்து ஆளப்பட்டன. ஆனால் அங்கிருந்த வணிகர்கள் ரூபாயை ஏற்கவில்லை. ஸ்பானிய வெள்ளி டாலரில்தான் கணக்கு வைத்தார்கள். அதனால் கிழக்கிந்தியக் கம்பெனி டாலரின் நூறில் ஒரு பங்கான சென்ட்டைச் செம்பில் அடித்துக் கொடுத்தது. ஒரு சென்ட், அரை சென்ட், கால் சென்ட் மூன்றும் கல்கத்தாவில் அச்சாயின. காசில் ஆண்டு 1845. ஒரு பக்கம் இளமையான விக்டோரியா அரசியின் தலை, மறுபக்கம் மாலைக்குள் மதிப்பு, அதைச் சுற்றிக் கம்பெனியின் பெயர். ஊர்ப் பெயர் எங்குமே இல்லை. அதனாலேயே பலர் இதை இந்தியக் காசு என்று நினைத்து இந்தியக் குவியலில் போட்டுவிடுகிறார்கள். குவியலைக் கிளறும்போது கம்பெனிப் பெயரோடு ‘சென்ட்’ என்ற சொல் தெரிந்தால் உடனே எடுத்துத் தனியாக வையுங்கள்.

அடுத்தது 1862. கம்பெனி ஆட்சி போய் அரசியின் ஆட்சி வந்துவிட்டது. அந்த ஆண்டுக் காசில் ‘இந்தியா’, ‘ஸ்ட்ரெயிட்ஸ்’ (நீரிணை) என்ற இரு சொற்களும் சேர்ந்து வருகின்றன. 1867 ஏப்ரல் 1 அன்று அப்பகுதி இந்தியாவிலிருந்து பிரிந்து தனிக் குடியேற்ற நாடானது. அதன் பிறகு வந்த காசுகளில் இந்தியாவின் பெயர் இல்லை. 1845, 1862, அதன் பிறகு 1870-களின் ஒரு காசு என மூன்று சென்ட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு நிலப்பகுதியின் ஆட்சி கை மாறிய கதை முழுக்கத் தெரியும். என் ஆல்பத்தில் நான் அதிகம் திருப்பும் பக்கம் இதுதான்.

இலங்கைக் காசுகள் நமக்கு இன்னும் நெருக்கமானவை. இலங்கை இந்திய ரூபாயையே தன் பணமாக ஏற்றுக்கொண்டு, அணா, பைசா கணக்கை விட்டுவிட்டு 1872 முதல் ரூபாய்க்கு நூறு சதம் என்று வைத்தது. அந்தக் கணக்குக்காக 1870 என்ற ஆண்டோடு ஐந்து சதம், ஒரு சதம், அரைச் சதம், கால் சதம் ஆகிய செம்புக்காசுகள் கல்கத்தாவில் அச்சாயின. ரூபாயாக இந்திய வெள்ளி ரூபாயே புழங்கியது. அதனால்தான் விக்டோரியா காலத்தில் இலங்கைக்கென்று தனி ரூபாய் நாணயமே இல்லை. இந்தியாவில் நூறு சதம் என்ற கணக்கு வர 1957 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால், அந்தச் சிறிய செம்புக்காசின் மேல் மரியாதை கூடுகிறது.

அந்தச் சதத்தின் நடுவில் ஒரு தாளிப்பனை நிற்கும். அதன் இரு பக்கங்களிலும் மதிப்பு சிங்களத்திலும் தமிழிலும் எழுதப்பட்டிருக்கும். வாங்கும்போது முதலில் அந்தத் தமிழ் எழுத்துகளைப் பாருங்கள். தேய்ந்த காசில் முதலில் மங்குபவை அவையே. மரத்தின் ஓலைப்பிரிவுகளும் தமிழ் எழுத்துகளும் கூராக இருந்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். பிற்காலத்து இலங்கை வெள்ளிக்காசுகளில் சில ஆண்டுகளுக்குப் பம்பாயைக் குறிக்கும் சிறிய ‘பி’ உண்டு. 1919 முதல் அவற்றில் வெள்ளி 55 சதவீதமாகக் குறைந்துவிட்டதால் நிறம் சற்றே மஞ்சளடித்துத் தெரியும். அதைப் பார்த்துப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கிழக்கு ஆப்பிரிக்கா மூன்றாவது. மொம்பாசாவைத் தலைமையிடமாக வைத்து இயங்கிய பிரிட்டிஷ் கிழக்கு ஆப்பிரிக்கக் கம்பெனிக்காக 1888-இல் வெண்கலப் பைசா அடிக்கப்பட்டது. அதில் ஒரு தராசும் அரபு எழுத்துகளும் இருக்கும். ஒரு வகையில் ‘ஹெச்’ குறி இருந்தால் பர்மிங்ஹாம். இன்னொரு வகையில் ‘சி’, ‘எம்’ என்ற இரு எழுத்துகள் இருந்தால் கல்கத்தா நாணயசாலை. இரண்டும் ஒரே காசு, ஒரே ஆண்டு. பிறப்பிடம் மட்டுமே வேறு. சேகரிப்பவருக்கு இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது. அந்தக் கரையில் 1920 வரை ரூபாய்தான் பணம். இந்தியத் தொழிலாளர்கள் உழைத்துப் போட்ட உகாண்டா இரயில் பாதையின் கூலியும் ரூபாயில்தான் கணக்காயிற்று.

இரண்டாம் உலகப் போரின்போது கிழக்கு ஆப்பிரிக்காவுக்காகப் பம்பாய் மறுபடி வேலை செய்தது. நடுவில் துளையிட்ட 1941-ஆம் ஆண்டு ஐந்து, பத்து சென்ட் காசுகளிலும், 1942, 1943 ஷில்லிங்குகளிலும் ‘ஐ’ குறியைத் தேடுங்கள். துளையைச் சுற்றி யானைத் தந்தங்கள் வளைந்திருக்கும் அந்தப் பத்து சென்ட் அழகான காசு. விலையும் அதிகம் இல்லை. தொடங்குபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

ஆஸ்திரேலியக் காசுகளும் எளிதாகக் கிடைப்பவையே. முதல் உலகப் போரில் இங்கிலாந்திலிருந்து காசு வருவது கடினமானபோது 1916, 1917, 1918 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கான பென்னியும் அரைப் பென்னியும் கல்கத்தாவில் அச்சாயின. 1919-இல் மெல்போர்ன் நாணயசாலை தானே வெண்கலக்காசு அடிக்கத் தொடங்கியது. மறுபடி 1942, 1943-இல் பம்பாய் கைகொடுத்தது. மொத்தம் ஐந்து ஆண்டுகள், ஆண்டுக்கு இரண்டு மதிப்புகள், ஆகப் பத்துக் காசுகள். எண்ணிக்கை குறைவாக இருப்பதால் முழுத் தொகுதியையும் முடித்த நிறைவு சீக்கிரம் வரும்.

மலாயாவுக்கு 1945 என்ற ஆண்டோடு அச்சான வெள்ளிச் சென்ட்டுகளிலும் ‘ஐ’ குறி வருகிறது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு போய்த் திரும்பியவர்கள் வீட்டில் இவை கிடைக்க வாய்ப்பு அதிகம். கேட்டுப் பாருங்கள்.

ஐந்தாம் படி: வெள்ளி டாலருக்குத் தயாராகுதல்

இந்தத் துறையின் அரசன் பிரிட்டிஷ் வணிக டாலர். ஹாங்காங், சிங்கப்பூர் சந்தைகளுக்காக 1895 முதல் 1935 வரை அச்சானது. கடல் பின்னணியில், பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த பிரிட்டானியா திரிசூலமும் கேடயமும் ஏந்தி நிற்பாள். பின்பக்கம் சீன எழுத்தும் அரபு வரிவடிவ மலாய் எழுத்தும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும். எடை 26.95 கிராம், விட்டம் 39 மில்லிமீட்டர், வெள்ளி 90 சதவீதம்.

இந்தக் காசு பம்பாய்க்கு வந்ததற்கு முன்கதை ஒன்று உண்டு. மக்கள் கொண்டுவரும் வெள்ளியை ரூபாயாக அடித்துக் கொடுக்கும் வழக்கத்தை இந்திய அரசு 1893-இல் நிறுத்தியது. அடுத்த இரண்டே ஆண்டில் அதே பம்பாய் நாணயசாலை கிழக்காசியாவுக்கு டாலர் அடிக்கத் தொடங்கிவிட்டது.

குறி எங்கே என்று கேட்டால், திரிசூலத்தின் நடுமுள்ளைப் பாருங்கள். அங்கே மயிரிழை போன்ற ‘பி’ இருந்தால் பம்பாய். அங்கே இல்லாமல் காலடித் தரையில் ‘சி’ இருந்தால் கல்கத்தா. அது 1900, 1901 ஆகிய இரண்டே ஆண்டுகளுக்குத்தான். இரண்டுமே இல்லாமல் ஆண்டு 1925 அல்லது 1930 என்றிருந்தால் லண்டன். 1900-இன் ‘சி’ காசு அதே ஆண்டின் ‘பி’ காசைவிட மிக அரிது. 1921, 1934, 1935 அபூர்வமான ஆண்டுகள். அந்த ஆண்டுகளை யாராவது மலிவாக நீட்டினால் வாங்காமல் நகர்ந்துவிடுங்கள்.

இந்த டாலருக்குப் போலிகள் சந்தையில் நிறைய இருக்கின்றன. முதல் சோதனை தராசு. புழங்கித் தேய்ந்த காசு சிறிது எடை குறையலாம், ஆனால் இரண்டு கிராம் குறைந்தால் அது வெள்ளி அல்ல. இரண்டாவது காந்தம். ஒட்டினால் பேச்சே இல்லை. மூன்றாவது விளிம்பு. பற்கள் ஒரே சீராக ஓட வேண்டும், வார்ப்பில் செய்த போலியில் விளிம்பைச் சுற்றி ஒட்டுத் தழும்பு தெரியும். நான்காவது எழுத்துகளின் அடிவாரம். அச்சில் அடித்த காசில் எழுத்து தரையிலிருந்து செங்குத்தாக எழும். வார்ப்புப் போலியில் சோப்புக்கட்டியில் கொத்தியதுபோல் மழுங்கி எழும். நான்கிலும் தேறிய பிறகே விலை பேசுங்கள். சில டாலர்களில் சீன எழுத்து முத்திரைகள் குத்தியிருக்கும். வெள்ளியைச் சோதித்துப் பார்த்த சீன வணிகர்கள் குத்தியவை அவை. விலை குறையும் என்றாலும் அந்தக் காசு சந்தையில் உண்மையாகப் புழங்கியதற்கு அது சாட்சி. எனக்கு அவை பிடிக்கும்.

மரியா தெரேசா தாலரைப் பற்றியும் எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஆஸ்திரியப் பேரரசியின் உருவம் கொண்ட இந்த வெள்ளிக்காசு செங்கடல் கரைகளில் அவ்வளவு நம்பிக்கை பெற்றிருந்ததால், அவர் மறைந்த 1780 என்ற ஆண்டையே போட்டு வியன்னா, லண்டன், பாரிஸ், ரோம் என்று பல இடங்களில் அடித்தார்கள். 1940, 1941-இல் பம்பாயும் அடித்தது. ஆனால் காசில் பம்பாய் என்று சொல்லும் எழுத்து எதுவும் இல்லை. நுண்ணிய வேறுபாடுகளை வைத்தே பிரிக்க முடியும். ஆகவே ‘பம்பாய் தாலர்’ என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பவரிடம் வாங்காதீர்கள். சாதாரணத் தாலரின் விலைக்குக் கிடைத்தால் வாங்கிவைத்துப் பொறுமையாக ஆராயலாம்.

ஆறாம் படி: கழுவாதீர்கள்

எனக்குக் கிடைத்த முதல் 1845 சென்ட் கருத்துப் போயிருந்தது. பித்தளைக் குத்துவிளக்கு துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்தேன். ஐந்து நிமிடத்தில் செம்பு பளபளத்தது. அரசியின் கூந்தல் இழைகளுக்கு இடையே நூற்றைம்பது ஆண்டுகளாகப் படிந்திருந்த பழுப்பு நிறம் போய்விட்டது. காசு இளஞ்சிவப்பாக, உயிரற்று, நேற்றுச் செய்ததுபோல் ஆகிவிட்டது. அந்த நிறம் திரும்பி வராது. இன்றும் அந்தக் காசைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, தேய்க்காமல், மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள். செம்பில் பச்சைக் களிம்பு தூளாக உதிர்ந்தால் அதை மற்றக் காசுகளிலிருந்து உடனே பிரித்து வையுங்கள். எலுமிச்சை, திருநீறு, பற்பசை, வெள்ளி பாலிஷ் எதையும் காசின் அருகே கொண்டுவரக் கூடாது. காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள். விரல் வியர்வை செம்பில் ரேகையாகப் பதிந்துவிடும்.

வைக்கும் இடமும் முக்கியம். வாசனையடிக்கும் மென்மையான பிவிசி உறைகள் சில ஆண்டுகளில் காசின் மேல் பச்சைப் பிசினை விடும். அட்டை ஹோல்டர் அல்லது கடினமான கேப்ஸ்யூல் நல்லது. கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலம் தொடங்கும் முன் மாற்றுங்கள். ரப்பர் பேண்டில் கந்தகம் இருப்பதால் அது வெள்ளியைக் கருக்கும்.

ஏழாம் படி: பதிவேடும் சட்டமும்

ஒவ்வொரு காசுக்கும் ஓர் அட்டை. என் 1943 பென்னியின் அட்டையில் இருப்பது இதுதான்: புழங்கிய நாடு ஆஸ்திரேலியா, அச்சான இடம் பம்பாய், குறி மன்னர் கழுத்தின் கீழே ‘ஐ’, முறையான எடை 9.45 கிராம், முறையான விட்டம் 30.8 மில்லிமீட்டர், என் தராசில் வந்த எடை, வாங்கிய நாள், கொடுத்த விலை, யாரிடமிருந்து வந்தது. கடைசி வரியை விடாதீர்கள். குடும்பங்களிடமிருந்து வாங்கும்போது காசு எந்த ஊரிலிருந்து, எந்தக் கப்பலில், யார் கையில் வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேட்டலாகில் இல்லாத செய்தி அது, அடுத்த தலைமுறையில் சொல்ல ஆள் இருக்காது.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுகளைக் கடந்த காசு தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவோ எடுத்துச் செல்லவோ கூடாது. கண்ணுக்குச் சாதாரணமாகத் தெரியும் 1916 பென்னியும் இப்போது அந்தக் கணக்கில் வந்துவிட்டது. வெளிநாட்டு நண்பரோடு காசு மாற்றிக்கொள்ள நினைப்பவர்கள் ஆண்டைப் பார்த்துவிட்டு அஞ்சலகத்துக்குப் போங்கள்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் துளைக்காசு ஒன்று, இலங்கைச் சதம் ஒன்று, 1942 அல்லது 1943 பென்னி ஒன்று என இந்த மூன்றோடு தொடங்குங்கள். டாலர் இரண்டாம் ஆண்டுக்கு இருக்கட்டும். என் ஆல்பத்தில் 1888 மொம்பாசாப் பைசாவின் ‘ஹெச்’ காசு இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ‘சி’, ‘எம்’ காசுக்கு விட்ட இடம் இன்னும் காலியாக இருக்கிறது. வரும் ஞாயிறும் பாரிமுனைக்குப் போகிறேன்.